ஆளுக்கேற்ற இருக்கை: பழைய கார்களும் இருக்கைப் பட்டறைகளும்

மோட்டார் கார் புதிதாக வந்த காலத்தில் ஓட்டுபவரின் உடலளவுக்கு ஏற்றபடி இருக்கை அமைப்பது சிறப்புச் சலுகையாகக் கருதப்படவில்லை. வண்டி கட்டும் தொழிலின் இயல்பான பகுதியாகவே அது இருந்தது. எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டம் தனியாகவும், அதன்மேல் பொருத்தப்படும் உடற்கூடு தனியாகவும் செய்யப்பட்டதால், வாங்குபவரின் உயரம், கால் நீளம், ஓட்டும் பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து தச்சரும் தோல்வேலைக்காரரும் சேர்ந்து இருக்கையை அமைக்க முடிந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் வரையிலும் அடிச்சட்டத்தை மட்டுமே விற்று, உடற்கூட்டை வெளியாரிடம் விட்டிருந்தது இம்முறைக்குத் தக்க சான்றாகும்.

தமிழ்நாட்டில் இம்மரபின் தலையாய நிறுவனம் சென்னையில் 1840-இல் தொடங்கப்பட்ட சிம்சன் ஆகும். குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்துவந்த அந்நிறுவனம் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டியதோடு, பின்னர் பேருந்துகளுக்கும் உடற்கூடு அமைத்தது. அதைப் பிற்காலத்தில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ்க் கொண்டுவந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன், இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஆழ்வார்குறிச்சியில் பிறந்தவர். டி.வி.எஸ். குழுமத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்காரும் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர் என்பதால், தென்னகத்து மோட்டார் தொழிலின் வரலாற்றில் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு.

பெருமளவு உற்பத்தி வந்தபின் நிலைமை தலைகீழானது. 1950-களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகி, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவை விட்டு வெளியேற, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றிய அம்பாசடரும், ஃபியட் 1100-இலிருந்து உருவாகி 1970-களில் பத்மினி என்று பெயர் பெற்ற காரும் நாட்டின் சாலைகளைப் பங்கிட்டுக்கொண்டன. அம்பாசடரில் அடிச்சட்டமும் உடற்கூடும் ஒரே கூடாக இணைக்கப்பட்டிருந்தன. இருக்கையோ சராசரி உடலளவைக் கருதித் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. தேர்ந்தெடுக்க வேறு கார் அதிகம் இல்லாத அக்காலத்தில், சராசரியை மீறிய உயரமுள்ள ஓட்டுநர் தமக்கேற்ற மாற்றத்துக்குச் சாலையோர இருக்கைப் பட்டறையையே நாட வேண்டியிருந்தது.

மர அறுவை ஆலைகளுக்கும் காய்கறிச் சந்தைக்கும் பெயர்பெற்ற பாவூர்சத்திரம், திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. அச்சாலையில் சாரல் காலத்தில் குடும்பங்களை அருவிக்கு ஏற்றிச் சென்ற அம்பாசடர் வாடகைக் கார்களில் உயரமான ஓட்டுநரின் இடர்ப்பாடு எளிதில் தீரக்கூடியதாக இல்லை. முன்புறத்தில் இருவரோ மூவரோ சேர்ந்து அமரும் ‘பெஞ்சு சீட்டு’ ஒரே துண்டாக இருந்ததால், ஓட்டுநரின் கால் நீட்டத்துக்காக அதைப் பின்னுக்குத் தள்ளினால் அருகில் இருப்பவரும் பின்னே போனார். பின்னிருக்கைப் பயணிகளின் கால்வைக்கும் இடமும் சுருங்கியது.

ஆகவே நல்ல கைவினைஞர் இருக்கையை நகர்த்துவதற்கு முன் அதன் உயரத்தையும் சாய்வையும் ஆராய்ந்தார். பழைய இருக்கையில் இரும்புச் சட்டத்தின்மேல் சுருள்வில்களும், அவற்றின்மேல் சணல் சாக்கும், அதன்மேல் தேங்காய் நாரோ பஞ்சோ, கடைசியாக ரெக்ஸின் எனப்படும் செயற்கைத் தோல் உறையும் இருந்தன. வில்களை நறுக்கிக் குறைப்பது ஒருபுறம் பள்ளத்தை உண்டாக்கும் என்பதால், அவற்றை நீக்கி அகலமான வார்ப்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, அடர்த்தியான நுரைப்பஞ்சை வைத்துத் தைப்பதே சிறந்த முறையாகும். இதனால் தலை கூரையில் இடிக்காததோடு, கண்ணாடியின் மேல்விளிம்பு பார்வையை மறைப்பதும் நீங்குகிறது. இருக்கை தாழும்போது முழங்கால் உயர்ந்து தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போவதால், முன்விளிம்பைச் சற்றே உயர்த்தி முதுகுச் சாய்மானத்தைப் பின்னோக்கி வளைத்தால்தான் நெடும்பயணத்தில் இடுப்பு வலிக்காது. இருக்கை நகரும் தண்டவாளத்தைப் பின்னே பொருத்த நேரும்போது தரைத்தகட்டில் வெறுமனே துளையிட்டு போல்ட்டை முடுக்குவது ஆபத்தானது. தகட்டின் அடியில் தடித்த இரும்புப் பட்டை வைத்து இறுக்கினால்தான் மோதலின் விசை ஓரிடத்தில் குவியாமல் பரவும்.

இத்தொழிலுக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் அளித்த அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கையும் அவ்விவரங்களில் ஒன்றாகும். 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்யப்படாத கார்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்ய 2021-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அத்தகைய காரில் உடற்கூட்டை வெட்டாமல், பழைய துளைகளையே பயன்படுத்தி, கழற்றிய வில்களையும் உறையையும் பத்திரப்படுத்தி, வேண்டும்போது பழைய நிலைக்கு மீட்கத்தக்க வகையில் வேலை செய்வதே முறையாகும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. வில் கட்டவும் சணல் தைக்கவும் அறிந்த கைகளும் குறைந்துவருகின்றன. காரைப் பேணுவோர் அதன் வண்ணத்துக்கும் எஞ்சினுக்கும் அளிக்கும் மதிப்பை, வண்டியை மனிதருக்குப் பொருத்தும் இக்கைவினைக்கும் அளித்து, அதன் அளவுகளையும் முறைகளையும் எழுதிவைக்கத் தொடங்குவது இன்றைய உடனடித் தேவையாகும்.