ரிட்டயர்மென்ட் பணத்தை நிலத்தின் மேல் வட்டிக்கு விடலாமா? என்பிஎஸ்-ல் அதற்கு வழி உண்டா?

சேலம், நாமக்கல் பக்கம் ஒருவர் ரிட்டயர் ஆனது தெரிந்தாலே போதும். "அஞ்சு லட்சம் குடுங்க, தோட்டத்தை ஈடா எழுதித் தர்றேன், ரெண்டு ரூபா வட்டி" என்று தெரிந்தவர் யாராவது வந்து நிற்பார். லாரி, போர்வெல் வண்டி, கோழிப்பண்ணை எனப் பணத்தேவை ஓயாத ஊர்கள் இவை.

இதை ஓய்வூதியக் கணக்குக்குள்ளேயே செய்ய முடியுமா? அமெரிக்காவில் முடியும். அங்குள்ள 'ஐஆர்ஏ' கணக்குகளில் ஒரு வகையில், சேமிப்பவரே முடிவெடுத்து அடமானக் கடன் பத்திரம் வாங்கலாம். வட்டியும் கணக்கிலேயே சேரும்.

இந்தியாவில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. பிஎஃப், பிபிஎஃப் இரண்டிலும் முதலீட்டை நாம் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஓரளவு நம் கையில் இருப்பது, 2009 மே 1 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட என்பிஎஸ்தான். அதிலும் பங்குக்கு எவ்வளவு, கடன் பத்திரத்துக்கு எவ்வளவு என்றுதான் சொல்லலாம். 'இந்தத் தோட்டத்தின் மேல் கடன் கொடு' என்று சொல்ல முடியாது. என்பிஎஸ் பணத்தை நில அடமானத்தில் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால், அங்கேயே உஷாராகிடுங்க.

கட்டணம் எவ்வளவு?

என்பிஎஸ்-ன் பலமே இதுதான். 1 லட்சம் ரூபாயை நிர்வகிக்க வருடத்துக்கு 100 ரூபாயை ஒட்டித்தான் பிடிப்பார்கள். பல மியூச்சுவல் ஃபண்டுகளில் இது ஆயிரத்தைத் தாண்டும். வங்கி வழியாகச் சேர்ந்தால் தனியாகச் சேவைக் கட்டணம் உண்டு. ஆன்லைனில் நேரடியாகச் சேர்ந்தால் செலவு குறையும்.

கையிருப்பிலிருந்து கொடுத்தால்?

ரெண்டு ரூபா வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது அரசு நிர்ணயித்த வரம்புக்கு மேல். 2003-ம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வட்டிக்கு விடுவதையே தொழிலாகச் செய்தால் உரிமமும் வேண்டும். கிடைக்கும் வட்டிக்கு வரி தனி.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். அதனால் வங்கி வழியாகவே கொடுங்க. மூலப்பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டால் மட்டும் அது வில்லங்கச் சான்றில் ஏறாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தைப் பதிவு செய்தால்தான் ஏறும். வெறும் புரோநோட்டை வைத்து வழக்குப் போட 3 வருடம்தான் அவகாசம். பதிவு செய்த அடமானத்துக்கு, தவணை முடிந்த நாளிலிருந்து 12 வருடம்.