பரந்தன் பெக்டரியும் இன்றைய நாட்சம்பளமும்

"பரந்தன் பெக்டரியில் என்ன செய்தார்கள்?" என்று தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பாவம், யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள்.

1950களில் அரசாங்கம் கட்டிய இரசாயனத் தொழிற்சாலை அது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்த உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். ஒன்று சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும், மற்றது குடிதண்ணீருக்கும். அரச கூட்டுத்தாபன வேலை என்றால் மாதச் சம்பளம், சேமலாப நிதி. கடைக்காரர் கேள்வி கேட்காமல் கொப்பியில் கடன் எழுதுவார்.

1985இல் யுத்தத்தால் உற்பத்தி நின்றது. பிறகு அதே பெயரில் இயங்கிய கம்பனி குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்றது! 1990இல் உப்பளமும் நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் முஸ்லிம்களாகிய எங்களையும் வெளியேற்றினார்கள். அது தனிக் கதை.

2009க்குப் பிறகு ஆடைத் தொழிற்சாலைகள் சில வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் பலருக்குக் கிடைத்தது மேசன் வேலை, வீதி வேலை, வயல் கூலி. மழை பெய்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. வன்னியில் மட்டுமல்ல, டெலிகொம் 'மேன்பவர்' ஊழியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு 2016 டிசம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டுமானதல்ல. தற்காலிக, அமைய ஊழியருக்கும் முதலாளி 12%, ஊழியர் 8% கட்டவேண்டும். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இதை ஒரு பிள்ளையின் வாப்பாவிடம் சொன்னேன். பல வருடமாக ஒரே இடத்தில் வேலை செய்பவர். "நான் கெசுவல்தானே சேர், எனக்கு எங்கே?" என்றார்.