ஆலை மூடிய ஊரில் நேரம் என்ன ஆனது?

தெருவில் போகிறவர் கண்ணில் படாதபடி, ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரமும் கையுமாக நின்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். யார் எவ்வளவு வேகமாக நடக்கிறார், வழியில் எத்தனை முறை நிற்கிறார் என்பதுதான் கணக்கு. ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு முறையாவது நின்றார்கள். எங்கும் நிற்காமல் நடந்தவர் பத்தில் ஒருவர்தான். பெண்களிலோ ஆறில் ஒருவர்தான் அப்படி நின்று நின்று போனார்.

இடம், ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள மரியன்தால். காலம், 1931-32 குளிர்காலம். ஆண்களுக்கு அவசரமில்லாமல் போனதற்குக் காரணம் ஊர் நடுவில் பூட்டிக் கிடந்தது.

1830இல் ஹெர்மன் டோடெஸ்கோ அங்கே ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். நூற்பு, நெசவு என்று வளர்ந்த ஆலையைச் சுற்றியே ஊர் உருவானது. தொழிலாளர் நூலகம், நாடகக் குழு, கால்பந்துக் கழகம் எல்லாம் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைக்கு எதிரே இருந்த பெரிய பூங்காவில் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபோது, 1929-30இல் ஒவ்வொரு பிரிவாக ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள், 1,486 பேர் கொண்ட ஊரில் நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் அரசு தரும் உதவித்தொகையை நம்பி நின்றன.

வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் தலைமையில் இயங்கிய ஆய்வு மையம் முதலில் எடுத்துக்கொள்ள நினைத்தது வேறு பொருள்: தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள்? சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பாவர் அவரைக் கடிந்துகொண்டார். இத்தனை பேர் வேலையில்லாமல் நிற்கும்போது ஓய்வைப் பற்றி ஆராய்வதா என்பது அவர் கேள்வி. அப்படித்தான் மரியன்தால் தேர்வானது. ஆய்வின் முடிவுகளைத் தொகுத்து எழுதியவர் மரீ யாஹோடா. ஆய்வு தொடங்கியபோது அவருக்கு 24 வயது. புள்ளிவிவரப் பகுதிக்கு ஹான்ஸ் சைசல் துணை நின்றார்.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதி ஒன்று இன்றைக்கும் மதிக்கத் தக்கது. யாரும் வேடிக்கை பார்ப்பவராக ஊருக்குள் போகக் கூடாது. ஊருக்கு உதவும் ஒரு காரியத்தோடுதான் போக வேண்டும். வியன்னாவில் பழைய துணிமணிகளைத் திரட்டி வந்து ஊரில் விநியோகித்தார்கள். இலவச மருத்துவ ஆலோசனை, பெண்களுக்குத் துணி வெட்டும் வகுப்பு, சிறுமிகளுக்கு உடற்பயிற்சி என்று ஆளுக்கொரு பணி. என்ன துணி வேண்டும் என்று கேட்க வீடு வீடாகப் போனபோதே அடுப்பில் என்ன வேகிறது, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

கண்டது அவர்களையே திகைக்க வைத்தது. வறுமை மக்களைப் போராட வைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். ஊரோ சோர்ந்து கிடந்தது. படிக்க வேண்டிய நேரமெல்லாம் கையில் இருந்தும், நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும், 1929இலிருந்து 1931க்குள் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஊரே சும்மா இருந்தும் பூங்காவில் புல் மண்டியது. மவுத் ஆர்கன் வாசித்துச் சில்லறை சேர்த்த ஒரு தொழிலாளிக்கு, சம்பாதித்துவிட்டார் என்று சொல்லி உதவித்தொகையை நிறுத்திய சம்பவமும் பதிவானது. அரைக்காசு வேலையும் ஆபத்து என்ற நிலை.

ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதித் தரும்படி கேட்டபோது ஆண்களின் தாள்கள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர நினைவில் நிற்க எதுவுமில்லை. பெண்களின் தாள்களில் சமையல், துவைப்பு, கிழிசல் தைப்பு, பிள்ளைகள் என்று இடமே போதவில்லை. அவர்களுக்குப் போனது சம்பளம், வேலை போகவில்லை. வீட்டு வேலையோடு ஆலை வேலையும் சேர்ந்தால் எவ்வளவு அலுப்பு என்று நன்றாகத் தெரிந்த அந்தப் பெண்களில் பலர், பணத்துக்காக மட்டுமின்றி, மறுபடி ஆலைக்குப் போக விரும்பினார்கள்.

நூல் 1933இல் லைப்சிக் நகரில் வெளியானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருடம் அது. யூதப் பெயர்கள் என்பதால் முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர்களே இல்லை. தடை செய்யப்பட்ட சோஷலிஸ்ட் இயக்கத்தில் பணியாற்றிய யாஹோடா 1936இல் கைதானார். நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு 1937இல் விடுதலையாகி இங்கிலாந்து சென்றார்.

அங்கே தெற்கு வேல்ஸில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஒரு திட்டத்தை ஆராய்ந்தார். அதில் கூலி கிடையாது. தாங்களே விளைவிப்பதையும் செய்வதையும் மலிவு விலையில் வாங்கிக்கொள்ளலாம். கை நிறைய வேலை இருந்தும் கூலி இல்லாத உழைப்பு அவர்களுக்கு நிறைவு தரவில்லை. இந்த முடிவு திட்டத்தை நடத்தியவரின் மனதைப் புண்படுத்தியதால் யாஹோடா அறிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். அது அச்சேறியது 1987இல்தான்.

இந்த இரண்டு இடங்களின் அனுபவமும் பின்னாளில் அவர் வகுத்த கோட்பாட்டில் தெரிகிறது. வேலை சம்பளம் தருகிறது. அதோடு, யாரும் தனியாகக் கேட்டு வாங்காத ஐந்தையும் தருகிறது என்றார்: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், வழக்கமான செயல்பாடு. ஊழியரின் மனநலம் பற்றிப் பேசும் ஆய்வுகள் இன்றும் இந்தப் பட்டியலைச் சோதித்துக்கொண்டிருக்கின்றன. சம்பளத்தை உயர்த்தினாலும் மனம் ஒட்டாத ஊழியரைப் புரிந்துகொள்ளவும் இது கைகொடுக்கிறது.

மரியன்தால் அடங்கிய கிராமட்நாய்சீடல் 2020இல் மறுபடியும் ஆய்வுக்களமானது. இந்த முறை தலைகீழ்ச் சோதனை: ஒரு வருடத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்த உள்ளூர்வாசிகள் அனைவருக்கும், விரும்பினால், ஊதியத்தோடு வேலை உறுதி. மாநில வேலைவாய்ப்புத் துறை நடத்த, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் மக்சிமிலியன் காசியும் லூகாஸ் லேனரும் அளந்தார்கள். ஒரு பிரிவினர் சில மாதம் முன்னதாகவும் மற்றொரு பிரிவினர் பின்னதாகவும் சேர்க்கப்பட்டதால் இருவரையும் ஒப்பிட முடிந்தது. முன்னதாக வேலை பெற்றவர்களின் உடல்நலத்தில் பெரிய மாற்றம் தென்படவில்லை. ஆனால் வருமானம் கூடியது, அதனுடன் நாளின் ஒழுங்கும், பிறரோடு பழகுவதும், ஊரில் தனக்கோர் இடம் உண்டு என்ற உணர்வும் கூடின. 1931இல் இதே ஊர் மக்களிடம் குறைந்துபோனதாக யாஹோடாவின் குழு குறித்துவைத்தவை இவைதான்.