அப்பத்தாவின் குண்டு மிளகாய்

வீட்டுக் கொல்லையில புது மிளகாய் ரகம் உண்டாக்குறதுக்குன்னே ஒரு கூட்டம் உலகம் முழுக்க அலையுது. அமெரிக்காவுல எட் கரி உருவாக்கின 'கரோலினா ரீப்பர்' 2013-ல கின்னஸ்ல ஏறிச்சு. 2023-ல அவரோட 'பெப்பர் எக்ஸ்' அதையும் முந்திடுச்சு. சுமார் 26.9 லட்சம் ஸ்கோவில் காரமாம்! படிச்சதும் எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்துச்சு.

மிளகாய் நம்ம நாட்டுக் காயே இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16-ம் நூற்றாண்டுல போர்த்துக்கீசியர் மூலமா வந்து சேர்ந்தது. மிளகு மாதிரி உறைச்சதால மிளகாய். அப்படி வந்த செடி இங்கே ராமநாதபுரம் குண்டாகவும் சாத்தூர் சம்பாவாகவும் மாறினது எப்படி? ஆய்வுக்கூடத்துல இல்லை. வருஷா வருஷம் பிடிச்ச பழத்தை மட்டும் விதைக்கு ஒதுக்கி வச்சவங்க கையில.

1985 வரைக்கும் சிவகங்கையும் ராமநாதபுரம் மாவட்டம்தான். இளையான்குடிப் பக்கம் இன்னைக்கும் குண்டு விளையுது. செட்டிநாட்டுச் சமையல்ல தாளிக்க அதுதான் வேணும். அப்பத்தா முதல் பறிப்பைத் தொட மாட்டாங்க. செடியிலேயே பழுத்த, நல்ல உருண்டையான பழமாப் பார்த்து, காயவச்சு, விதையில சாம்பல் கலந்து வைப்பாங்க. இதுக்குப் பேருதான் 'தேர்வு முறை'ன்னு பின்னாடி படிச்சேன்!

பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தோட பி.எம்.கே. 1 ரகத்துக்குக் குண்டு மிளகாயும் ஒரு பெற்றோர். 2023-ல ராமநாதபுரம் குண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. சந்தோஷம். ஆனா தலைமுறை தலைமுறையா விதை எடுத்தவங்க பேரு எந்த ஏட்டுலயும் இல்லை. விவசாயிகளும் தங்கள் ரகத்தைப் பதிவு செய்யலாம்னு 2001-ல சட்டம் வந்துச்சு. அப்பத்தாவுக்கு அது தெரியாது.

அந்த விதையை நான் கிட்டத்தட்டத் தொலைச்சேன். பக்கத்துலயே நீள மிளகாய் நட்டது என் தப்பு. மிளகாய்ப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்கும், ஆனா தேனீ சும்மா இருக்குமா? அடுத்த வருஷம் பாதிச் செடியில குண்டுமில்லாம நீளமுமில்லாம ஒரு காய். நல்லவேளை, அத்தை வீட்டுல பழைய விதை ஒரு பிடி மிச்சம் இருந்துச்சு.

இப்போ விதைக்கு விடுற செடியில, மொக்குலயே மெல்லிய துணிப்பை கட்டிடுறேன். அந்தக் கலப்புக் காயையும் விடலை. தனிப் பாத்தியில போட்டு, பிடிச்ச செடியா வருஷா வருஷம் தேர்ந்தெடுத்துட்டு வர்றேன். குணம் நிலைக்க ஆறேழு தலைமுறை ஆகும். நிலைச்சா அப்பத்தா பேருதான்.

உங்க வீட்டுலயும் பழைய விதை இருந்தா, இந்த வருஷமே நாலு பழம் ஒதுக்கி வைங்க.