கடிகாரம் யார் கையில்?

சென்ற மாதம் என் மைத்துனர் வந்திருந்தார். கணினியில் நான் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "மாமா, இதையெல்லாம் தனியாக ஒரு மியூசிக் சர்வரில் ஏற்றிக் கேளுங்க. சத்தமே வேறயா இருக்கும்" என்றார். விலையைக் கேட்டேன். என்னுடைய ஐந்து மாத ஓய்வூதியம்! வாங்குமுன் இதன் பூர்வோத்திரத்தைப் படித்துப் பார்த்தேன்.

பிரெஞ்சில் படித்த எனக்கு ஃபூரியே பழைய நண்பர். எந்த அலையையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அவர் கணக்கு. அது 1822இல் அச்சான அவரது வெப்பவியல் நூலில் இருக்கிறது. அந்த வழியில் வந்தவர் அமெரிக்கரான ஷானன். ஓர் ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் ஒலியை முழுதாக மீட்கலாம் என்று 1949இல் எழுதினார். மனிதக் காதுக்கு எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதனால்தான் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 மாதிரிகள்.

அலுவலகத்தில் கார்பன் வைத்துத் தட்டச்சு செய்தால் ஐந்தாவது நகல் மங்கிவிடும். கேசட்டுக்குக் கேசட் பதிந்தாலும் அப்படித்தான். எண்கள் மங்குவதில்லை. பதிவேட்டில் 7 என்றால் நகலிலும் 7. நாங்கள் 'கோப்பி கொன்ஃபோர்ம்' என்று முத்திரை குத்துவோமே, அதுபோல. சர்வரில் இருந்தாலும் பழைய கணினியில் இருந்தாலும் கோப்பு ஒன்றேதான்.

அப்படியானால் சண்டை எதற்கு? கடிகாரத்துக்காக. எண்களை ஒலியாக்கும் டாக் கருவி தனிப்பெட்டியாக வந்த புதிதில், எண்களும் அவற்றின் தாளமும் அனுப்பும் இயந்திரத்திலிருந்து ஒரே கம்பியில் வந்தன. தாளம் முன்பின் ஆனால், அதாவது ஜிட்டர் வந்தால், ஒலி கெடலாம். அன்று அனுப்பும் பெட்டியின் தரத்துக்கு அர்த்தம் இருந்தது. இன்று பெரும்பாலான யூஎஸ்பி டாக் கருவிகள் தம் கடிகாரப்படி எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அனுப்புகிறவர் வெறும் பியூன்தான். கோப்பு ஒழுங்காக வந்தால் போதும். கம்பி வழியே மின்னிரைச்சல் நுழையும் வீடுகள் உண்டு. அதற்கு மலிவான வைத்தியமே இருக்கிறது.

காதை மட்டும் நம்பவும் முடியாது. 1915 முதல் எடிசன் கம்பெனி மேடையில் பாடகரையும் தன் கிராமபோனையும் சேர்த்து நிறுத்தி, விளக்கை அணைத்துக் காட்டியது. பாடுவது ஆளா தட்டா என்று தெரியவில்லை என்றார்கள் கேட்டவர்கள். அந்தத் தட்டுகளை இன்று கேட்டால் கரகரப்புதான் முதலில் கேட்கும்.

ஆகவே மைத்துனரின் சர்வரை ஒரு நாள் இரவல் வாங்கினேன். நான் முதுகைக் காட்டி உட்கார, மனைவி சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டாள். இருபது முறையில் பதினொன்று சரி. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். எழுபதைத் தாண்டிய காது வேறு.

ஒரே ஒரு வித்தியாசம் நிஜம். சர்வரில் விசிறி இல்லை. என் கணினியில் இருக்கிறது. ஆலாபனையில் மூச்சு விடும் இடங்களில் அது உறுமும். கணினியை அடுத்த அறைக்கு மாற்றி, நீளக் கம்பி இழுத்தேன். செலவு நானூறு ரூபாய்.

"மிச்சப் பணத்தில் உங்கள் காதை டாக்டரிடம் காட்டுங்கள்" என்கிறாள் மனைவி. அதுதான் சரியான யோசனை என்று எனக்கும் படுகிறது.