பின்சக்கர இயக்கத் தானுந்துகளில் இழுவைக் கட்டுப்பாடு

இழுவைக் கட்டுப்பாடு என்பது, பொறி தரும் விசை தரையின் பிடிப்பை மிஞ்சும்போது, இயக்கச் சக்கரங்கள் வீணாகச் சுழலாதபடி தடுக்கும் மின்னணு அமைப்பு ஆகும். ஆற்றல் மிகுந்த பின்சக்கர இயக்கத் தானுந்துகளில் இதன் தேவை மிகுதி. முன்சக்கர இயக்க வண்டியில் சக்கரம் நழுவினால், வண்டி திரும்பாமல் நேராகச் செல்ல முற்படும். பின்சக்கர இயக்க வண்டியிலோ பின்பகுதி பக்கவாட்டில் விலகி, வண்டி முழுவதும் சுழன்றுவிடக்கூடும். இவ்வமைப்பு இருக்கின்ற பிடிப்பை நன்கு பயன்படுத்துகிறது. இல்லாத பிடிப்பை உருவாக்குவதில்லை. இதன் பயனும் வரம்பும் இதனுள் அடங்கும்.

விசையும் பிடிப்பும்

வண்டியை முன்னே தள்ளுவதற்கும், வளைவில் விலகாமல் காப்பதற்கும் டயருக்கு உள்ளது ஒரே பிடிப்புத்தான். ஒன்றுக்கு மிகுதியாகச் செலவிட்டால் மற்றொன்றுக்குக் குறையும். உலர்ந்த சாலையில் சக்கரம் வண்டியின் வேகத்தைவிட ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாகச் சுழலும்போது உந்துவிசை உச்சத்தை அடைகிறது. அதற்குமேல் நழுவினால் உந்துவிசை குறையும். பக்கவாட்டுப் பிடிப்பு இன்னும் விரைவாகக் குறையும்.

எடுத்துக்காட்டாக, 1,700 கிலோகிராம் நிறையும், 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட ஒரு தானுந்தைக் கருதலாம். நிற்கும்போது அதன் எடையில் பாதி பின்சக்கரங்களில் உள்ளது எனக் கொள்வோம். முதல் கியரில் மொத்தப் பல்லிணை விகிதம் 9, சக்கர ஆரம் 0.34 மீட்டர் எனில், சக்கரங்களில் கிடைக்கும் விசை ஏறத்தாழ 18,500 நியூட்டன். முடுக்கத்தின்போது எடை பின்னோக்கி மாறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பின்சக்கரங்கள் தரையில் செலுத்தக்கூடிய விசை பின்வருமாறு அமையும்:

* உலர்ந்த சாலை (உராய்வுக் குணகம் 1.0): சுமார் 10,200 நியூட்டன்
* ஈரமான சாலை (0.5): சுமார் 4,600 நியூட்டன்
* பனிக்கட்டி (0.1): சுமார் 850 நியூட்டன்

மூன்றாம் கியரில் மொத்த விகிதம் 4.2 ஆகக் குறைந்தாலும், சக்கர விசை 8,600 நியூட்டனுக்கு மேல் இருக்கும். எனவே இத்தகைய வண்டி, ஈரச் சாலையில் நல்ல வேகத்தில் செல்லும்போதும், முடுக்கி மிதியை முழுதும் அழுத்தினால் நழுவக்கூடும்.

செயல்படும் விதம்

சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்புக்குப் (ஏபிஎஸ்) பயன்படும் சக்கர வேக உணரிகளே இதற்கும் பயன்படுகின்றன. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட மிகுந்த வேகத்தில் சுழன்றால், கட்டுப்பாட்டகம் அதனை நழுவலாகக் கொள்கிறது. பின்னர் தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடுதல், எரிபொருளை நிறுத்துதல், பொறிக்குச் செல்லும் காற்றைக் குறைத்தல் ஆகியவற்றால் விசையைக் குறைக்கிறது. இவற்றுள் தீப்பொறி நேர மாற்றம் மிக விரைவானது. காற்றைக் குறைத்தல் மெதுவானது. ஒரு பின்சக்கரம் மட்டும் நழுவினால், அதில் மட்டும் பிரேக்கைச் செலுத்தி விசையை மறுசக்கரத்திற்கு அனுப்ப முடியும். மின்தானுந்துகளில் மின்னோடியின் முறுக்குவிசையை நேரடியாக மாற்றலாம் என்பதால் கட்டுப்பாடு மேலும் விரைவாக அமைகிறது.

வரலாறு

1971இல் பியூக் நிறுவனம் மாக்ஸ்டிராக் என்ற அமைப்பை அறிமுகப்படுத்தியது. 1980களின் நடுப்பகுதியில் போஷ், மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனங்களின் முயற்சியால் இன்றைய வடிவம் உருவானது. 1992 முதல் செவ்ரோலெட் கொர்வெட்டில் இது அடிப்படை வசதியானது. ஃபார்முலா 1 பந்தயங்களில் 1994இல் தடை செய்யப்பட்டு, 2001இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2008இல் மறுபடியும் தடை செய்யப்பட்டது.

செயல்திறன்

ஈரச் சாலையிலும் பனியிலும் இதன் பயன் மிகப் பெரியது. உணரிகள் நழுவலை மனிதரைவிட முன்னதாகவே கண்டறிகின்றன. நேராகப் புறப்படும்போதும், வளைவிலிருந்து வெளியேறும்போது முடுக்கி மிதி தவறுதலாக மிகுதியாக அழுத்தப்படும்போதும் இது பெரிதும் உதவுகிறது. உலர்ந்த சாலையில் நிலை சற்று வேறுபட்டது. தொடக்ககால அமைப்புகள் விசையைத் தேவைக்கு மேல் குறைத்தமையால், தேர்ந்த ஓட்டுநர் அவற்றை அணைத்துவிட்டு விரைவாக ஓட்ட முடிந்தது. ஃபெராரி 599 (2006), கொர்வெட் இசட்ஆர்1 (2010) போன்றவற்றில் வந்த பிற்கால அமைப்புகள், நழுவலை உச்சப் பிடிப்பின் அருகிலேயே நிறுத்த முயல்கின்றன.

எனினும் இரண்டு டயர்களின் பிடிப்பு எல்லைக்கு உட்பட்டதே. பி.எம்.டபிள்யூ எம்5 பல தலைமுறைகளாகப் பின்சக்கர இயக்கமாக இருந்து, 2017இல் 600 மெட்ரிக் குதிரைத்திறனுடன் வந்தபோது நான்கு சக்கர இயக்கத்திற்கு மாறியது.

வரம்புகள்

* வளைவுக்குள் மிகுந்த வேகத்தில் நுழைந்துவிட்டால் இழுவைக் கட்டுப்பாடு மட்டும் காப்பாற்றாது. அதற்குத் தனிச் சக்கரங்களில் பிரேக் செலுத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு தேவை. அதுவும் இயற்பியல் எல்லைக்கு உட்பட்டதே.
* தேய்ந்த அல்லது பழைய டயர்களின் பிடிப்புக் குறைவை இது ஈடுசெய்யாது. குளிர்காலத்தில் கோடைகால டயர்களைப் பயன்படுத்தினாலும் இதே நிலைதான்.
* தேங்கிய நீரில் டயர் மிதக்கும்போது இவ்வமைப்பால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.
* மணலிலோ ஆழ்ந்த பனியிலோ சிக்கிய வண்டியை வெளியேற்ற ஓரளவு நழுவல் தேவைப்படுவதால், இதனை அணைக்க வேண்டியிருக்கலாம்.

போர்ஷே கரேரா ஜிடி இதற்கு ஒரு துயரமான எடுத்துக்காட்டு. 612 மெட்ரிக் குதிரைத்திறன் கொண்ட இப்பின்சக்கர இயக்க வண்டியில் இழுவைக் கட்டுப்பாடு உண்டு. நிலைப்புக் கட்டுப்பாடு இல்லை. நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் இவ்வகை வண்டியில் பயணித்தபோது, ஓட்டுநருடன் உயிரிழந்தார். மிகை வேகத்தையும், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையான டயர்களையும் காவல்துறை விசாரணை சுட்டிக்காட்டியது.

ஐக்கிய அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் இலகுரக வண்டிகளில் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமானது. 1992இல் இவ்வகை உதவிகள் ஏதுமின்றி வெளிவந்த டாட்ஜ் வைப்பர், 640 குதிரைத்திறன் கொண்ட 2013ஆம் ஆண்டு மாதிரியில் இவ்விரண்டையும் பெற்றது.

இவற்றையும் பார்க்கவும்

* சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்பு
* மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு
* உராய்வு
* முறுக்குவிசை