வெப்ப அலையும் பாக்டீரியக் குடல் தொற்றும்: மிதவெப்ப நாடுகளின் அனுபவம்

மிதவெப்ப நாடுகளில் வயிற்றுப்போக்குக்கு இரண்டு பருவங்கள் உண்டு. குளிர்காலத்தில் வீடு வீடாகப் பரவுவது பெரும்பாலும் நோரோவைரஸ். கோடையில் வருவது வேறு கூட்டம்: சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை, கடலோரங்களில் விப்ரியோ. இவை அனைத்தும் பாக்டீரியாக்கள். உணவு, நீர், விலங்குகள் வழியே மனிதரை அடைபவை. கோடையின் நடுவே வெயில் திடீரென ஏறிச் சில நாள்கள் இறங்காமல் நிற்கும்போது இந்தத் தொற்றுகளும் கூடுகின்றன.

‘வெப்ப அலை’ என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே அளவு கிடையாது. ஸ்வீடனில் தொடர்ந்து 5 நாள்கள் பகல் உச்ச வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அது வெப்ப அலை. பிரிட்டனில் இடத்தைப் பொறுத்து 25 முதல் 28 டிகிரி வரை, 3 நாள்கள். இந்தியச் சமவெளிகளுக்கான வரையறை 40 டிகிரியிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே தமிழ் வாசகருக்கு இந்த எண்கள் வியப்பாக இருக்கலாம். ஆனால் கிருமிக்கு வேண்டியது மனிதரைத் திணறடிக்கும் சூடு அல்ல, தான் பெருகுவதற்குப் போதுமான இளஞ்சூடு. அதோடு, 25 டிகிரியே அரிதாக இருக்கும் ஊரில் வீடும் சமையலறையும் அன்றாடப் பழக்கங்களும் குளிரை நினைத்தே அமைந்தவை. ஆபத்தில் பெரும்பங்கு இந்தப் பொருத்தமின்மையிலிருந்து வருகிறது.

1911-ஆம் ஆண்டுக் கோடை

வெப்பத்துக்கும் குடல் தொற்றுக்கும் உள்ள உறவை ஐரோப்பா மிகக் கொடுமையாகக் கற்றுக்கொண்டது 1911-இல். அதற்கு முன்பே இங்கிலாந்தின் நகரங்களில் ‘கோடை வயிற்றுப்போக்கு’ என்று தனிப்பெயர் பெற்ற நோய் ஆண்டுதோறும் கைக்குழந்தைகளைக் கொண்டுபோனது. அதை ஆராய்ந்த மருத்துவர் எட்வர்ட் பல்லார்ட், 1880களின் இறுதியில், நான்கடி ஆழத்தில் மண்ணில் புதைத்த வெப்பமானி 56 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 13 டிகிரி செல்சியஸை, எட்டியபின்தான் சாவுகள் ஏறத் தொடங்குகின்றன என்று எழுதினார். நோய் மண்ணில் வாழும் ஏதோ ஓர் உயிரியிலிருந்து எழுகிறது என்பது அவர் எண்ணம். அந்த விளக்கம் நிற்கவில்லை. ஆனால் நான்கடி ஆழத்து மண் ஒரு நாள் வெயிலுக்குச் சூடாகாது. வாரக்கணக்கில் சேர்ந்த வெப்பத்தையே அது காட்டும். நோயின் கடிகாரத்தை அவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

1911-இன் கோடை நீண்டது, வறண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1910-இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 105 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1911-இல் அது 130. கோடை குளிர்ந்திருந்த 1912-இல் 95. பிரான்சில் அந்தக் கோடை வழக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 40,000 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். தாய்ப்பால் குடித்த குழந்தைகள் பெரிதும் தப்பின. புட்டிப்பால் குடித்தவை மாண்டன. பால் திறந்த கேன்களில் ரயிலேறி வெயிலில் வந்தது. வீட்டில் குளிர்விக்க வழியில்லை. தெருவெல்லாம் குதிரைச் சாணம், அதில் ஈக்கள். நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய பால்புட்டிகளைக் கழுவவே முடியாது. பிரான்ஸ் 1910-லேயே அவற்றைத் தடை செய்திருந்தது. 1894-இல் பிரான்சின் ஃபெகாம்ப் நகரிலும் 1899-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸிலும் தொடங்கிய சுத்தமான பால் வழங்கும் நிலையங்கள், பின்னர் குதிரைகளின் இடத்தைப் பிடித்த மோட்டார் வண்டிகள், மூடிய பால்புட்டிகள் எல்லாம் சேர்ந்து அந்த நோயை விரட்டின. வெயில் குறையவில்லை. வெயிலுக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையே இருந்த பாதை அடைபட்டது. இன்றைய ஆய்வு முடிவுகளையும் இந்த நினைவோடு படிப்பதே சரி.

சால்மோனெல்லா

வெப்பநிலையோடு மிக நேரடியாக நகர்வது சால்மோனெல்லா. 5 டிகிரிக்குக் கீழே அது ஏறக்குறையப் பெருகாது. 37 டிகிரியை ஒட்டி மிக விரைவாகப் பெருகும். அரைமணிக்கு ஒரு முறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால் ஒரே ஒரு செல், 8 மணி நேரத்தில் 65,000-ஐத் தாண்டும். காலையில் செய்த முட்டை சாலட்டை மாலை விருந்து வரை மேசையிலேயே விடுவதற்கு இதுதான் பொருள்.

2004-இல் சாரி கோவட்ஸும் சக ஆய்வாளர்களும் 10 ஐரோப்பிய நாடுகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெளி வெப்பநிலை 6 டிகிரியைத் தாண்டியதிலிருந்தே, அது ஏற ஏற நோயாளிகள் எண்ணிக்கையும் நேர்கோட்டில் கூடியது. இங்கிலாந்து-வேல்ஸ், போலந்து, நெதர்லாந்து, செக் குடியரசு, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் ஆகிய இடங்களில் சுமார் 35 சதவீதத் தொற்றுகளில் வெப்பத்துக்குப் பங்கு இருந்தது. நோய் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்த வெப்பநிலையே மிக வலுவாகத் தொடர்புபட்டது. இதுதான் அந்த ஆய்வின் மிகப் பயனுள்ள செய்தி. கோளாறு பல மாதங்களுக்கு முன் பண்ணையில் மட்டும் நடந்திருந்தால் இவ்வளவு குறுகிய இடைவெளி வராது. உணவு தட்டுக்கு வருவதற்குச் சற்று முன், கடையிலோ வீட்டிலோ, கையாண்ட விதத்தை அது சுட்டுகிறது.

இங்கே குளிர்பதனப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிர்நாடுகளுக்கென விற்கப்படும் பெட்டிகளில் பல, சுற்றுச்சூழல் 32 டிகிரி வரை இருந்தால் மட்டுமே குறித்தபடி குளிரும் வகையைச் சேர்ந்தவை. வெப்பநாட்டு வகை 43 டிகிரி வரை தாங்கும். ஏ.சி. இல்லாத வீட்டின் சமையலறை 35 டிகிரியைத் தொடும்போது, பெட்டி ஓடிக்கொண்டே இருந்தாலும் உள்ளே குளிர் போதாமல் போகலாம். வீட்டார் அதை அறிவதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1974 முதல் 2006 வரையிலான பதிவுகளை இயன் லேக் குழு மீண்டும் ஆராய்ந்தபோது, வெப்பத்துக்கும் உணவுவழி நோய்க்கும் உள்ள பிணைப்பு காலப்போக்கில் தளர்ந்திருந்தது. சால்மோனெல்லாவுக்கு எதிராக முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவது இந்தக் காலத்துக்குள்தான், 1990களின் இறுதியிலிருந்து, பரவலானது; தளர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெப்பம் கூடினால் நோய் இவ்வளவு கூடும் என்ற கணக்கு நிலையானது அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

கேம்பைலோபாக்டர்

ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் மிக அதிகமாகப் பதிவாவது இதுவே. ஆனால் இது ஒரு புதிர். 30 டிகிரிக்குக் கீழே இது பெருகாது, காற்றிலுள்ள அளவு ஆக்சிஜனைத் தாங்காது. எனவே சமையலறையில் சால்மோனெல்லாவைப் போலப் பெருகுவதில்லை. என்றாலும் கோடையில் ஏறுகிறது. சில நூறு செல்களே நோய் தரப் போதும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை டென்மார்க்கின் கோழிப்பண்ணைகள் காட்டின. காற்றுத் துளைகளுக்கு ஈ வலை அடித்த கொட்டகைகளில் 15.4 சதவீதக் கோழி மந்தைகளில் மட்டும் இக்கிருமி இருந்தது. வலை இல்லாதவற்றில் 51.4 சதவீதம். வெப்பம் கூடினால் ஈ பெருகும். கொட்டகைக்குக் காற்றோட்டமும் அதிகம் தேவைப்படும். அந்தக் காற்றோடு ஈயும் நுழையும். 1911-இன் ஈ இன்னும் கதையில் இருக்கிறது. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகளின் பதிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு, 2080களின் இறுதிக்குள் இந்தத் தொற்று ஏறக்குறைய இரு மடங்காகலாம் என்று கணித்தது.

கடலின் சூடு

விப்ரியோ உவர்நீரில் வாழ்வது. நீர் சூடானால் பெருகும். 2004 ஜூலையில் அலாஸ்காவில் சுற்றுலாக் கப்பல் பயணிகள் பச்சைச் சிப்பி தின்று நோயுற்றார்கள். சிப்பிகள் வந்தது பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் உள்ள பண்ணையிலிருந்து. அங்கே கடல்நீர் 15 டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தது. அதற்கு முன் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பரவல் பதிவான வடகோடி இடம் அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தெற்கே இருந்தது. ஜூலையில் வெப்ப அலை வந்த 2014 கோடையில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் 89 தொற்றுகள் பதிவாயின. சில, வடதுருவ வட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில். பால்டிக் கடலின் உப்புக் குறைவு இக்கிருமிகளுக்கு ஏற்றது. அங்கே நீந்துவோரைத் தாக்குவது பெரும்பாலும் காயத்திலும் காதிலும்தான் என்பதால், அந்த எண்ணிக்கையை முழுக்கக் குடல் நோயின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உடலின் பக்கம்

சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2001 முதல் 2005 வரை 17 வெப்ப அலைகள் ஆராயப்பட்டன. அலை ஒவ்வொரு நாள் நீளும்போதும் தொற்றுவகை இரைப்பைக் குடல் அழற்சிக்கான அனுமதி 4.7 சதவீதம் கூடியது. விளைவு 7 நாள் தாமதத்தில் மிக வலுவாக இருந்தது. ஏற்கெனவே நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களுக்கு நோய் கிளர்ந்தெழுவது 4.6 சதவீதம் கூடியது, அதுவும் தாமதமில்லாமல். வெப்பத்தில் உடல் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. குடலுக்குப் போவது குறைகிறது. கடும் வெப்பத்தில் குடலின் உள்தடுப்பும் தளர்கிறது. ஒரு மருத்துவமனையின் கணக்கு என்றாலும், கிருமியை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அது உணர்த்துகிறது. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு வயிற்றின் முதல் காவலும் குறைந்திருக்கும்.

பதிவான எண்ணிக்கை எப்போதும் உண்மையின் ஒரு பகுதியே. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றின்படி, தேசியக் கண்காணிப்பில் பதிவாகும் ஒரு வயிற்றுநோய்க்குச் சமூகத்தில் சுமார் 147 நேர்கின்றன.

வெப்ப அலையில் வயிற்றுப்போக்கு வந்தவர் இரு வழியில் நீரிழக்கிறார்: வியர்வையாகவும் பேதியாகவும். சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை உண்பவருக்கு மூன்றாவது வழியும் திறந்திருக்கும். ஷிகா நச்சு ஈ.கோலை தொற்றில் நுண்ணுயிர்க்கொல்லி தருவது சிறுநீரகச் சிக்கலைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். மற்றபடி சிகிச்சையின் முதுகெலும்பு இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதே. அதற்கான நீரேற்று உப்புப் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள்.